பதினேழு வரைக்கும்

வெள்ளிக்கிழமை நாலு மணி.
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் ஒரு பேக்கரி.
வருகிறவர் பெயர் ஹாஜா நஜ்முதீன்,
மூன்று வருடம் முன்னால் அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்.
"சும்மா பேசிக்கொண்டிருப்போம்" என்று
மின்னஞ்சலில் ஒரு வரி.
அந்தச் சும்மாவுக்குத்தான்
பத்து நாளாகத் தயாராகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் ஏழு மணிக்கு மேல்
தூற்றுகிற இயந்திரம் நின்றுவிடும்.
அப்பா கடைசி அடுக்கை ஏற்றி முடித்து
தலைத்துண்டை உதறி மூட்டைமேல் உட்கார்வார்.
நான் எதிரே நின்று ஆங்கிலத்தில்
என்னைப் பற்றிச் சொல்வேன்.
ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது.
நான் தடுமாறி 'ம்' என்று இழுப்பது மட்டும்
புரியும்.
ஒவ்வொரு 'ம்'முக்கும் தார்ப்பாயில் சாக்பீஸால் ஒரு கோடு,
நாலு கோடானால் குறுக்கே ஒன்று,
மூட்டைக்குப் போடுகிற அதே கணக்கு.
முதல் நாள் முப்பத்தொன்று.
"ரொம்ப ஈரம்" என்றார்.

மீட்டரில் பதினேழு வரைக்கும் எடுப்பார்கள்.
பதினெட்டு காட்டினால் திரும்பக் கொட்டிக் காயவைக்க வேண்டும்
ரோட்டில், லாரிக்கு வழி விட்டு.

ரிஸ்வானா வீடியோக்கள் பார்த்துவிட்டு வந்தாள்.
"அவங்களுக்குக் கதை வேணும்டி.
உன்கிட்டதான் கஜா இருக்கே."

இருக்கிறது.
பத்து வயது. ராத்திரி ஓடு பறந்தது.
பள்ளிக்கூடத்தில் பதினோரு நாள்,
உப்புமா,
யார் வீட்டிலோ தந்த, பூப்போட்ட போர்வை.
எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.
மூன்றாம் முறை சொல்லும்போது
தொண்டை எங்கே அடைக்கும் என்று
முன்கூட்டியே தெரிந்தது.
அங்கே ஒரு மூச்சு நிறுத்தினேன்.

அன்று அப்பா ஒரு கோடும் போடவில்லை.
"இன்னைக்குச் சுத்தமா இருந்துச்சே, என்ன சொன்னே?"
கணக்குப் பாடம் என்றேன்.

அந்தத் தாளை மடித்து
கேஸ் புத்தகத்துக்குள் வைத்தேன்.
முழு உதவித்தொகை.
கிழித்துப் போட எனக்கு வசதி இல்லை.

நிஜமாக என் மண்டைக்குள் ஓடுவது வேறு.
ஒரே சாக்கு:
மேலே அள்ளிய நெல்லுக்குப் பதினாறு,
அடியில் அள்ளியதற்குப் பத்தொன்பது.
ஒரு கைப்பிடியை வைத்து
ஒரு குவியலை எப்படிச் சொல்கிறார்கள்?
எத்தனை இடத்தில் எடுத்தால் மீட்டர் பொய் சொல்லாது?
சூப்பர்வைசர் டீக்குப் போகும் நேரமாகப் பார்த்து
நாற்பது நாள் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன்.
இதைச் சொல்லப் போனால்
ஆங்கிலம் வரப்பில் செருப்போடு நடக்கிறது.
புதன்கிழமை இருபத்தாறு.
வியாழன் இருபத்திரண்டு.

கோடுகளை எண்ணிவிட்டு அப்பா கொஞ்சம் யோசித்தார்.
"மழை வருஷத்துல இருபத்திரண்டும் எடுப்பாங்க.
டெல்லியிலேருந்து ஆள் வந்து
கையில அள்ளிப் பாத்துட்டுத் தளத்துவாங்க."

வெள்ளி காலையில் ஒரு மெசேஜ்.
"நான் முத்துப்பேட்டையிலிருந்து வருகிறேன்,
கொஞ்சம் தாமதமாகலாம்.
உனக்குக் கேள்வி இருந்தால் கொண்டு வா.
ஆள் எடுக்க நான் உட்காருவதும் இதுதான் முதல் தடவை."

முத்துப்பேட்டை.
வருடங்களைக் கழித்துப் பார்த்தேன்.
அவர் இப்படி ஒருவர் எதிரே போய் உட்கார்ந்தபோது
புயல் அடித்து மூன்று மாதம்.

மினிபஸ்ஸில் ஜன்னலோரம், நோட்டு மடியில்.
ஒன்று: ஹாஸ்டல் சோறு புழுங்கலா, பச்சையா?
இரண்டு: அந்த ஊர்க் குளிருக்கு எத்தனை போர்வை?
மூன்றாவதை எழுதி, அடித்து,
கொருக்கை தாண்டியதும் திரும்ப எழுதினேன்:
அண்ணா, நீங்கள் அன்றைக்கு எதைச் சொன்னீர்கள்?

கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்றார்.
மூன்று என்று சொல்லிவிட்டேன்.