குலுக்காமல்

இருபது குப்பி.
ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய ஒரு வில்லை,
தயிர்ச்சட்டி விளிம்பில் காய்ந்த ஏடு மாதிரி.
சம்மாந்துறை. இரவு ஒன்றே முக்கால்.

கட்டிலில் அலியார்லெவ்வை, வட்டைவிதானை.
தண்ணி முறைக்குப் போனவர்.
மடைப் பலகையைத் தூக்கிய கையோடு
காலடியில் முத்திரைப் புடையன்.
இமை பாதியில் தொங்குகிறது.
அவர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில்
இருபது நிமிடம் வைத்துச் சாய்த்தேன்.
ஓடியது,
வாய்க்கால் போல, ஒரு கட்டியும் இல்லாமல்.

பத்து மில்லி நீரை ஊசியால் இறக்குகிறேன்.
"குலுக்குங்க மிஸி, கெதியாக் கரையும்"
என்கிறான் மருமகன்.
குலுக்கக் கூடாது தம்பி.
நுரைத்தால் காற்றின் ஓரத்தில்
மடிப்பு அவிழ்ந்து வீணாய்ப் போகும்.
உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேணும்,
சூடு ஆறாத முட்டையை உருட்டுவது போல.

உள்ளே நடப்பதை நான் கண்டதில்லை.
படித்ததுதான்:
தண்ணீரோடு சேராத பகுதிகள்
உட்புறம் திரும்பி முகம் புதைக்கும்;
சேருகிறவை வெளியே நின்று கை கோக்கும்.
ஒருவரும் கட்டுவதில்லை அதை.
ஒதுக்கி ஒதுக்கியே
ஒரு வீட்டை எழுப்பிவிடுகிறது தண்ணீர்.
அந்த வீட்டின் ஒரு இடுக்கில் இருக்கிறது
விஷத்தைக் கவ்வும் பிடி.

ஆனால் விஷத்துக்கும்
இதே தண்ணீர்தான் உருவம் கொடுத்தது.
லெவ்வையின் உயிரணுச் சுவரை அது அறுக்கையில்
ஒவ்வொரு வெட்டுக்கும்
ஒரு நீர் மூலக்கூறைச் செலவழிக்கிறது.
இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும் ஆளை
எங்கள் ஊரில் படி ஏற்றமாட்டார்கள்.
நான் நம்பி உருட்டுகிறேன்.

எட்டாவதில் மணிக்கட்டு வலித்தது.
பதினோராவதில் ஜெஸீமா வந்து
பேசாமல் மிச்சத்தை வாங்கிக்கொண்டாள்.
ஒரு குப்பி மட்டும் கரைய மறுத்தது;
அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்,
அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

டியூட்டி முடிந்தும் போகவில்லை.
எட்டரைக்கு மறுபடி குழாய்.
சாய்த்தேன். பிறகு கவிழ்த்தேன்.
அசையவில்லை.
காட்டலாம் என்று திரும்பினால்
மருமகன் கதிரையில் வாய் திறந்து தூங்குகிறான்.

லெவ்வை உதட்டை நக்கிக்கொண்டு கேட்டார்:
"மடைய ஆராச்சும் பூட்டினயா?"

பூட்டவில்லை.
இரவு முழுக்க அவருடைய முறைத் தண்ணி
வரம்பை உடைத்துக்கொண்டு போய்
காசுபதியின் வயலில் நிற்கிறதாம்,
முழங்கால் அளவு.