உப்புத் தூவிய முதுகு

புயல் தெற்கே கரையேறிய மறுநாள்
மூஞ்சிக்கல் கடைக்கு மீன்வண்டி ஒன்பது மணிக்குத்தான் வந்தது.
டும்டும் பாறைக்கு மேலே மரம் விழுந்திருந்ததாம்.
படகு எதுவும் போகாத வாரம்,
பெட்டியில் நாலு நாள் ஐஸில் கிடந்த சரக்கு.
தார்ப்பாய் மடிப்பில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில்
அது உட்கார்ந்திருந்தது.

காக்கா என்றுதான் நினைத்தேன்.
காக்காவுக்கு எதற்கு இவ்வளவு நீளமாய் இறக்கை?
கரும்பழுப்பு முதுகெங்கும் வெள்ளைப் புள்ளி,
கருவாட்டுக்குப் போடுகிற உப்பை
யாரோ கை தவறித் தூவிவிட்ட மாதிரி.

"ஆலாக் குஞ்சு" என்றான் சேசடிமை.
வண்டி ஓட்டுவதற்கு முன் விசைப்படகில் இருந்தவன்.
"பறக்கத் தெரியும், பிடிக்கத் தெரியாது.
தாயும் தகப்பனும் கூடவே பறந்து ஊட்டும், ரெண்டு மூணு மாசம்.
காத்து பிரிச்சிருக்கும்."
சாவியால் காதைக் குடைந்துகொண்டே சொன்னான்.

பதினோரு வருஷமாக மீன் வெட்டுகிறேன்,
கடலைப் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த கடல் தெர்மகோல் பெட்டியில் வரும்,
கண் திறந்தபடி, அடுக்கடுக்காக,
உருகி என் செருப்பை நனைத்துச் சாக்கடையில் இறங்கும்.

நெத்திலி ஒன்றை அலகுக்கு முன் நீட்டினேன்.
பார்க்கவே இல்லை.
வாலைப் பிடித்து ஆட்டினேன்.
தலை திரும்பியது,
ஆட்டம் நின்றதும் மறந்துவிட்டது.
செத்த மீன் அதற்கு மீன் இல்லை போல.
எனக்கு மீன் என்றாலே அதுதான்.

மத்தியானம் மழை விட்டதும் எழுந்தது.
ஏழு ரோட்டுக்கு மேல் ஒரு சுற்று,
கேபிள் ஒயரைத் தட்டாமல் நழுவி
ஏரிப் பக்கம் சாய்ந்தது.
முதலாளியிடம் பல்வலி என்றேன்.
செதில் ஒட்டிய கையோடு பின்னாலேயே போனேன்.

மிதிபடகுகள் கட்டிக் கிடந்தன,
பெயின்ட் உரிந்த அன்னக் கழுத்துகள் வரிசையாக.
தண்ணீரில் ஒரு தைலமர இலை.
தாழ வந்து கொத்தி எடுத்தது,
மேலே போய் விட்டுவிட்டது,
விழுகிற இலையின் பின்னால் பாய்ந்து தவறியது.
மறுபடி அதே இலை.
மறுபடி.
பிறகு சிகரெட் அட்டை, ஒரு சிறகு,
யாரோ எறிந்த ஐஸ்கிரீம் மரக்கரண்டி.
கரண்டியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது,
விழுங்கலாமா என்பதுபோல,
பிறகு உதறியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
வாழைத்தண்டைத்தான் வெட்டக் கொடுத்தார்கள்.
அதிலும் கட்டைவிரல் போனது.

இருபதாவது தடவையோ என்னவோ
இலை தண்ணீரைத் தொடுமுன்
அலகில் இருந்தது.
"ஏய்!" என்று கத்திவிட்டேன்.
டிக்கெட் கொடுக்கிறவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

அதற்கப்புறம் கரையோரம் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிய இடத்தில்
இரண்டு முறை குனிந்தது.
இரண்டாவது முறை ஏதோ மின்னியது.
மீனா, தண்ணீர்ச் சொட்டா,
பார்ப்பதற்குள் பனி ஏறி
ஏரி, படகு, பறவை எல்லாம் ஒரே வெள்ளை.

வண்டி இறங்கும் முன் சேசடிமையிடம் கேட்டேன்,
கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்?
"ரோட்டுலயா?"
பறவைக்கு.
காலிப் பெட்டிகளுக்குக் கயிறு இறுக்கியபடி யோசித்தான்.
"கொச்சிப் பக்கம்தான் கிட்ட.
ஆனா அது வந்தது நம்ம பக்கத்துல இருந்துல்ல?"
இரண்டு பக்கமும் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் பனி.

மறுநாள் ஒரு சீலாவைக் கிழித்தபோது
வயிற்றில் முழு நெத்திலி ஒன்று,
செரிக்காமல், ஒரு கீறல்கூட இல்லாமல்.
குப்பைக்கூடைக்குப் போன கையை நிறுத்தி
அதை மேலே தூக்கிப் போட்டேன்.
நழுவியது.
குனிந்து எடுத்து மறுபடி போட்டேன்.
"அரைக் கிலோ சங்கரா" என்றார் எதிரே நின்றவர்,
குடையை மடக்காமலே.