முப்பதாம் நாள்

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில்
இன்னாசிக்குச் சிரித்த முகம்.
என் பேர் இல்லை.
‘மற்றும் நண்பர்கள்’ என்பதில் எங்கோ இருக்கிறேன்.

வத்தையில் அவன் பங்கு
இனி ரீட்டாளுக்கு. சரிதான்,
பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ் இருக்கிறது.
எனக்கு அவன் கட்டம்போட்ட சட்டை.
அதையும் யாரும் கொடுக்கவில்லை,
என் வீட்டுக் கொடியில் கிடந்தது.

பூசை முடிந்து தங்கச்சிமடமே தூங்கியபின்
ஐஸ் கம்பெனி நூர்தீன் வந்து
பக்கத்தில் உட்கார்ந்தான்.
ஆறுதல் சொல்லவில்லை.
வலையில் சிக்கிய நண்டுகளைக்
கால் முறியாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.
கச்சான் ஓய்ந்திருந்தது.

“அவன் சட்டையா?”

ஆமென்றேன்.
பூசையில் எனக்கு வாயில் வராத சொல்.

ஐஸ் உடைத்த விரல்கள்
காலர் மடிப்பைச் சரிசெய்து
என் கழுத்தோரம் நின்றன.
முதலில் குளிர்ந்தன.
பிறகு குளிரவில்லை.