ஏழு சென்ட்

பொருள் எண் பதினான்கு.
மேலாளர் கோலப்பன் மூச்சுவிடாமல் வாசித்தார்,
சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.
புளியரை ரோட்டில் நகராட்சியின் பழைய உரக்கிடங்கு,
இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்,
குளிர்பதனக் கிடங்கு கட்டப்போகும் கம்பெனிக்கு
ஆண்டுக்கு ஒரு ரூபாய்க் குத்தகை,
முப்பது வருஷம்.
எலுமிச்சை அழுகாது. முருங்கை வாடாது.
கணவாய் தாண்டிப் புனலூர் போகிற காய்
விலை படியும்வரை இங்கேயே காத்திருக்கலாம்.
உள்ளூர்க்காரர் அறுபது பேருக்கு வேலை.

கை தூக்கினோம்.
நானும்தான். பதினோராம் வார்டு, கமீலா பீவி.
அறுபதில் ஆறு எங்கள் தெருவுக்குக் கிடைத்தாலும்
ஆறு வீட்டுப் பையன்கள்
கொல்லத்துக்குப் பரோட்டா அடிக்கப் போகவேண்டாம்.

தீர்மான நகல் வந்தபோதுதான் பார்த்தேன்:
'இயன்றவரை உள்ளூர்க்காரர்.'
இயன்றவரை.
கூட்டத்தில் காதில் விழாத சொல்.
தட்டச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவே
எந்த இடுக்கில் நுழைந்தது?
"அது வழக்கமா போடுறதும்மா" என்றார் கோலப்பன்,
கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்வதுபோல.

அளக்கப் போன அன்று சாரல்.
சர்வேயர் தங்கப்பழம்
குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குறித்தார்.
எரிந்து எரிந்து கறுத்த மண்.
தரம் பிரிக்கும் பெண்கள் நாலுபேர்
சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.
பாட்டில் ஒரு குவியல், செருப்பு ஒரு குவியல்,
அட்டைக்கு மட்டும் தார்ப்பாய்.
பட்டாவில் இல்லை, தீர்மானத்தில் இல்லை,
இயன்றவரையிலும் இல்லை அவர்கள்.
"யக்கா, ஐஸ்பெட்டிக்குள்ள குப்பை சேருமா?"
பேச்சிக்கனி கேட்டாள்.
சிரித்துவிட்டேன்.
பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வடமேற்கு மூலையில், எருக்கம்புதருக்குள், ஒரு கல்.
பாசியைச் சுரண்டினால் சங்கு.
மலையாளத்து ராஜாவுக்கு இந்த ஊர் வரி கட்டிய நாளில் நட்டது.
அங்கிருந்து சங்கிலியை மறுபடி இழுத்தார் தங்கப்பழம்.
மறுபடியும்.
இரண்டு ஏக்கர் நாற்பத்தேழு.

பழைய கணக்கைப் புதிய கணக்கில் எழுதியவன்
ஏதோ ஒரு மத்தியானம் அசந்திருக்கிறான்.
"சேத்தே ஒப்படைச்சிரலாமே" என்றான் கம்பெனி ஆள்.
நல்ல பையன். எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தான்.
அவனும் யாருக்கோ சம்பளக்காரன்.
தங்கப்பழம் என்னைப் பார்த்தார்.
பேனா நோட்டுக்கு மேலே நின்றது.

ஏழு சென்ட்டில் என்ன வரும்?
ஒரு தகரக் கொட்டகை. ஒரு தராசு.
கதவு சாத்துகிற மாதிரி ஒரு கக்கூஸ்.
"நாப்பத்தேழுன்னே எழுதுங்க" என்றேன்.
"ஏழு ஊருக்கு."

அடுத்த கூட்டத்தில் பொருள் எண் இருபத்திரண்டு.
கடைசி. பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.
மிச்சப்பேரில் எத்தனை கை உயரும், சொல்லத் தெரியாது.
நகல் வந்தால்
விரலை வைத்துச் சொல் சொல்லாக வாசித்த பிறகுதான்
கையெழுத்து.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
கல்லைச் சுற்றியிருந்த எருக்கை
பேச்சிக்கனி வெட்டிப் போட்டிருக்கிறாள்,
ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி.