டிபன் மூடி வட்டங்கள்

காம்பஸ் இல்லை.
ஜூனில் வாங்கிப்போன ஆறாம் வகுப்பு
இன்னும் திருப்பித் தரவில்லை.
டிபன் பாக்ஸ் மூடியைக் கரும்பலகையில் அழுத்தி
இரண்டு வட்டம் போட்டேன்.
ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்குள் நுழைய
நடுவில் ஒடுங்கலாய் ஓர் இடம்.
"பொம்பில் மீனு டீச்சர்" என்றான் இசக்கித்துரை.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

தாராவி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி,
ஐந்தாம் வகுப்பு, மதிய ஷிப்ட்.
முப்பத்தோரு பேர்.
ஓடும் மின்விசிறி ஒன்று, ஓடாதது ஒன்று.

பாடத்தில் ஒரு கதை:
மழை பொய்த்த ஊர், ஒரே கிணறு, காவல் இருவர்.
பகலில் சடையன். கேட்டவருக்குக் கேட்ட குடம்.
இரவில் வேலாயி. ஆளுக்கு அரைச் செம்பு,
சுவரில் ஒரு கரிக்கோடு.
கதைக்கு அடியில் கேள்வி:
இருவரையும் ஒப்பிட்டு வேறுபடுத்துக. ஆறு மதிப்பெண்.

விடை எனக்குத் தெரியும்.
பத்து வருடமாய் அதற்குத்தான் டிக் போடுகிறேன்.
இடப்பக்கம் வள்ளல், வலப்பக்கம் கருமி.
'வ' எழுதிவிட்டேன்.
'ள்' வருவதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு கை.

பேச்சித்தாய். பெயரில் மட்டும் பேச்சு.
"எங்க சந்துல நாலரைக்குத் தண்ணி வரும் டீச்சர்.
மொத வீட்டு அண்ணாச்சி நல்லவரு,
யாரு கேட்டாலும் குழாயக் குடுத்துருவாரு.
வேண்டியவங்க, வழியில போறவங்க,
இட்லிக்காரரு, எல்லாருக்கும்.
எங்க வீடு கடைசி வீடு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பாதியில் நின்ற 'வ' என்னையே பார்த்தது.

பிறகு வகுப்பு சந்தைக்கடை.
"அப்போ வேலாயிதான் நல்லவ" என்றது ஒரு கட்சி.
"நாக்கு வறண்டு வந்தவன்கிட்டக் கோடு போடுவாளாக்கும்?"
என்று எகிறினான் செல்வின்.
அவன் அப்பா டாக்சி ஓட்டுகிறார்.
ஒரு மே மாதம் தாதர் பாலத்தடியில்
முன்பின் தெரியாத யாரோ நீட்டிய பாட்டிலைப் பற்றி
அவன் வீட்டில் ஒரு கதை உண்டு.
அதைச் சொன்னான், நீளமாக, நடித்தும் காட்டினான்.
மும்தாஜ் மட்டும் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை:
"யாரு நல்லவன்னு கேள்வியில இல்லியே டீச்சர்.
ஒப்பிடுன்னுதானே இருக்கு?"

ஆமாம். அப்படித்தான் இருக்கிறது.

'வ'வை விரலால் அழித்தேன்.
செய்ததை மட்டும் எழுதுவோம் என்றேன்.
கொடுத்தான். அளந்தாள்.
வந்தவரைப் பார்த்தான்.
வரப்போகிறவரை எண்ணினாள்.
கடைசி வரி ஜெபக்கனியுடையது.
எண்ணினாள் என்றால் கணக்கா, நினைப்பா என்று கேட்டேன்.
"ரெண்டுந்தான்" என்றாள், நான் ஏதோ மக்கு மாதிரி.

மீன் காலியாகக் கிடந்தது.
"ரெண்டு பேரும் காவல்." போட்டேன்.
"ஒரே ஊரு." போட்டேன்.
வால் பக்கம் இன்னும் ஒரு சொல்லுக்கு இடம்.
இசக்கித்துரை எழுந்தான்,
மறுபடி கேலி என்றுதான் நினைத்தேன்.
"அவங்க எப்பக் குடிச்சாங்கன்னு கதையில இல்ல டீச்சர்.
ரெண்டு பேருக்குமே இல்ல."

பக்கத்தைப் புரட்டினேன். முன்னே, பின்னே.
ஆடு குடிக்கிறது. வண்டிமாடு குடிக்கிறது.
நாட்டாமையின் மருமகன் இரண்டு முறை குடிக்கிறான்.
இவர்கள் குடித்ததாய் ஒரு வரி இல்லை.
பத்து வருடம் வாசித்த கதை.

"தாகம்" என்று எழுத இடம் பற்றவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கி
செதில்போல நெருக்கி எழுதினேன்.

மணி அடித்தது.
பரீட்சையில் எதை எழுதுவது என்று கேட்டவர்களுக்கு
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் வந்து பார்த்தால்
காலை ஷிப்ட் மராத்திப் பிள்ளைகள்
வட்டங்களுக்கு ஹாண்டில்பார் வைத்து, சீட் வைத்து,
மேலே ஒரு பையனையும் ஏற்றியிருந்தார்கள்.
முன் சக்கரத்தில் கொடுத்தான்,
பின் சக்கரத்தில் அளந்தாள்.
சக்கரங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில்
மீனை ஒருவரும் தொடவில்லை.

டஸ்டரை எடுத்தேன்.
திரும்ப வைத்துவிட்டு
சைக்கிளுக்குப் பக்கத்தில், கிடைத்த இடத்தில்,
அன்றைய தேதியை எழுதினேன்.