ஹொண்டா டீச்சர்

பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டோம்.
'எத்தனை சிசி?' என்றான் பின்வாங்கில் பிரதாஸ்.
விளங்காமலே அவவும் சிரித்தா.

கல்லடியில், கராஜுக்கு மேல்மாடியில் வகுப்பு.
ஐந்து மணி என்றால்
ஐந்துக்கு நாலு நிமிசம் இருக்க வந்துவிடுவா.
கல்முனை பஸ்ஸை மட்டும் திருத்த ஒண்ணாமல் போயிற்று.
முக்கால் மணி பிந்தி வந்த பஸ்ஸுக்கும்
குனிந்து வணக்கம் வைப்பா,
டிரைவர் மிரண்டு கோர்ண் அடிப்பார்.

படியடியில் நாங்கள் உதறிப்போட்ட செருப்புகளைச்
சோடி சேர்த்துத்
தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பா.
'வந்த புள்ளையளத் துரத்துறாவோ?'
என்று கேட்டா எங்கட உம்மா.

'இத்தெகிமாஸ்' படிப்பித்த அன்று
பலகை நிறைய அம்புக்குறி.
ஒரு வீடு, ஒரு ஆள்,
போகிற அம்பு, திரும்புகிற அம்பு.
வியர்த்து வழிய விளக்கிக்கொண்டிருந்தா.
'போயிட்டு வாறன், அதுதானே டீச்சர்?'
என்றாள் ஜினோஜா.
இரண்டுதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தா.
மறுகா
அம்புகள் எல்லாவற்றையும் அழித்தா.

ஜினோஜா இப்போது நீகாட்டாவில்
முதியவர்களைக் குளிப்பாட்டுகிறாள்,
பனியைப் படம் எடுத்து அனுப்புகிறாள்.
பிரதாஸுக்கு விசா வந்துவிட்டது.

நான் மூன்றாம் முறையும் பெயில்.
படியடியில் என்ட செருப்பு மட்டும்,
அதுவும்
தெருவைப் பார்த்தபடி.