சாம்பல், எண் 41

கருங்கல் சந்தை முக்கில் எனக்குப் பெயிண்ட் கடை.
பாதி தீர்ந்த டப்பாவோடு வந்தார் தாசையன்:
"சாம்பல் கேட்டேன், ரோஸ் தந்திருக்கே.
கண்ணு தெரியாதாடே உனக்கு?"

எதிர்க்கடையில் கிளேஸ் தாள் வாங்கினேன்.
பச்சை ஒன்று, செங்கல் சிவப்பு ஒன்று.
நிற அட்டையில் அவர் கேட்ட சாம்பலை
இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி
ஆளுக்கொன்றாய் நடுவில் வைத்தேன்.
பச்சைமேல் இருந்தது லேசாய் வெட்கப்பட்டது.
சிவப்பின்மேல் இருந்ததில்
பாசி பிடித்தது.

"ரெண்டும் வேற வேற."
சேர்த்துக் காட்டினேன். ஒன்று.
பிரித்தேன். வேறு.
அப்புறம் அவரே வைத்தார், மூன்று முறை,
சீட்டு வித்தைக்காரன் கையைப் பார்ப்பதுபோலத்
தன் விரலையே பார்த்துக்கொண்டு.

"உமக்க பக்கத்து வீடு என்ன நிறம்?"

பதில் இல்லை.
தம்பி வீடு. ஈஸ்டருக்கு அடித்த கிளிப்பச்சை.
அந்தப் பெயிண்டும் என் கடைதான்.
நாலு வருசமாய் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
டப்பாவையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வழியாகப் பைக்கில் போனேன்.
சுவர் சாம்பல்தான்.
எண் 41, நானே கலக்கியது,
சொட்டுக்கூடச் சிவப்பு சேர்க்கவில்லை.

வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.
ரோஸ்.